எத்தனை போனால் தாங்கும்

கூட்டம் போட்டுப் பேசிவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரொட்டிக்காரர் இருந்த ஊரில் அவர்களுக்கென்று ஒரு மாடியறையே இருந்தது. கீழே பல் ஆஸ்பத்திரி. மேலே வீட்டுத் தரவுக் காப்புப் பேரவை. படியேறும்போது கீழே யாராவது 'ஆ' என்று அலறுவது கேட்கும். மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நமக்கும் அப்படி அலறத் தோன்றும்.

ரொட்டிக்காரர் அந்தப் படியை ஏறியதற்குக் காரணம் ஒரு சத்தம். அவர் வீட்டு டிவிக்குக் கீழே பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அது சில நாட்களாக, பேச்சைத் தொடங்கப் போகிற பெரிய மனிதர் மாதிரி, கடக் கடக் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

அதற்குள்தான் அவருடைய மனைவி இருந்தாள். இருந்தாள் என்றால், படத்தில் இல்லை. அவளுக்கு வீடியோ எடுக்கிற பைத்தியம். அடுப்பிலிருந்து முதல் தட்டு ரொட்டி இறங்குவதை எடுப்பாள். மகள் சைக்கிள் பழகி விழுவதை எடுப்பாள். பாக்கிச் சில்லறைக்காகச் சண்டை போடுகிற வாடிக்கையாளரைக் கூட, அவருக்குத் தெரியாமல், மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். எடுப்பவள் அவளே என்பதால் ஒரு படத்திலும் அவள் முகம் இல்லை. குரல் மட்டும் உண்டு. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகராசா, மூஞ்சி இருட்டா விழுது!" எல்லா வீடியோவிலும் ஒரு தடவையாவது இது வந்துவிடும். மகராசா என்பது ரொட்டிக்காரர். முகத்தில் மாவு அப்பிக்கொண்டு நிற்கிற ஆளை அவள் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடையை மூடிவிட்டு மேலே வந்து, ஏதாவது ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு, படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. படத்தில் பார்க்க என்ன இருக்கிறது, அவரேதானே நிற்கிறார்.

வெளியூரில் நர்ஸாக இருக்கும் மகள் போனில் சொன்னாள். "அப்பா, அது சத்தம் போட ஆரம்பிச்சா சீக்கிரம் போயிடும். உடனே வேற ஒண்ணுல காப்பி எடுங்க. எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. பிறக்கப் போற பிள்ளை பாட்டி குரலைக் கேக்க வேணாமா?"

காப்பி எடுக்கத்தான் அவர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் விவரமானவர்.

"தனித்தனியா காப்பி எடுத்து எதுக்குக் கஷ்டப்படறீங்க? வீட்டுக்கு ஒரு சர்வர் பெட்டி வாங்கி வச்சுக்குங்க. உள்ளே நாலஞ்சு டிஸ்க் இருக்கும். ஒண்ணு செத்தா மத்தது தாங்கும். ஆனா எத்தனை டிஸ்க், எப்படிச் சேக்கறதுன்னு பேரவையில கேட்டுட்டு வந்துடுங்க."

"நீங்களே சொல்லக் கூடாதாங்க?"

"போன வருஷம் ஒருத்தருக்குச் சொன்னேன். ஒரு வாரம் பேரவைக்காரங்க மாத்தி மாத்தி கடை வாசல்ல நின்னு எனக்கு விளக்கம் குடுத்தாங்க. என் வியாபாரமே படுத்துடுச்சு."

இப்படியாக ரொட்டிக்காரர் மாடிப்படி ஏறினார்.

அறையில் மூன்று பகுதியாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இடது பக்கம் இரட்டையர் அணி. இரண்டு டிஸ்க் வை, இரண்டிலும் ஒரே சரக்கைப் போடு, ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. நடுவில் ஒற்றைக் காப்பு அணி. நாலு டிஸ்க் வைத்தால் எது ஒன்று போனாலும் மற்ற மூன்றும் கூடிக் கணக்குப் போட்டுப் போனதைச் சொல்லிவிடும் என்பது இவர்கள் கட்சி. வலது பக்கம் இரட்டைக் காப்பு அணி. ஐந்து டிஸ்க் வை, எந்த இரண்டு போனாலும் பயமில்லை. மூன்று அணிக்கும் தனித்தனி டீ பிளாஸ்க். ஒரு காலத்தில் ஒரே பிளாஸ்க்தான் இருந்ததாம். யார் முதலில் ஊற்றிக்கொள்வது என்பதில் பேரவை இரண்டு தடவை உடைந்து ஒட்டியிருக்கிறது.

தலைவர் ஏலக்கடை நடத்தி ஓய்ந்தவர். கூரையைத் தொடுகிற குரல். செயலாளர் கீழே இருக்கிற பல் டாக்டர். கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே மேலே வந்திருந்தார்.

"டிஸ்க் என்று இங்கே சொல்லக் கூடாது. வன்தட்டு," என்று தொடங்கினார் தலைவர். "உங்களிடம் ஒரே ஒரு அடிப்படைக் கேள்வி. எத்தனை போனால் தாங்குவீர்கள்?"

ரொட்டிக்காரர் எழுந்து நின்றார். "ஒண்ணு போயிடுச்சுங்க. அதையே தாங்க முடியல."

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். "ஒற்றைக் காப்பு போதாது என்று விண்ணப்பதாரரே ஒப்புக்கொள்கிறார்."

வலது பக்கம் கைதட்டியது. நடு அணி எழுந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு பெரியவர், ஒற்றைக் காப்பை இழிவுபடுத்திய இந்த அவையில் இனித் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு டீ ஊற்றிக்கொண்டார். அன்று விவாதம் முடியவில்லை. அடுத்த கூட்டத்திலும் முடியவில்லை. ரொட்டிக்காரர் கடையை அடைத்துவிட்டு அடைத்துவிட்டு வந்து, கடைசி வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் டிஸ்க் செருமிக்கொண்டிருந்தது.

கடைசியில் முடிவு வந்த விதம் அவருக்கு வியப்பாக இருந்தது. செயலாளர் எழுந்து விளக்கினார்.

"நமது பேரவையின் வழக்கம் எல்லோரும் அறிந்ததே. சோதித்துப் பார்க்காத ஏற்பாடு ஏற்பாடே அல்ல. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வன்தட்டைத் தலைவர் தம் கையால் உருவுவார். ஒன்றைச் செயலாளர் உருவுவார். அதன் பிறகும் ஓடினால்தான் சான்று. ஆகவே உருவுகிறவர் இருவர். ஆகவே இரண்டு போனால் தாங்கும் ஏற்பாடு. இது அறிவியல்."

"அப்ப, செயலாளர்னு ஒருத்தர் இல்லைன்னா ஒற்றைக் காப்பே போதுமாங்க?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், புரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

செயலாளர், கேள்வி கேட்டவரின் பல்வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பெட்டி வந்தது. கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி, முகப்பில் ஐந்து இழுப்பறை, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு. கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தார். அன்று மாலை ரொட்டிக்காரர் அதிலிருந்து ஒரு வீடியோவைப் போட்டார். மகராசா என்று அவள் கூப்பிட்டாள். பின்னால் அந்தக் கடக் கடக் இல்லை. அவளுக்கு உடம்பு குணமான மாதிரி இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் ஒரு வார்த்தை அவர் மண்டைக்குள் குடைந்தது. சோதிக்காத ஏற்பாடு ஏற்பாடே அல்ல. பச்சை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம், இது நிஜமாகவே தாங்குமா, நடிக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. சோதனைக்கு நாள் கேட்டு மறுபடி படியேறினார்.

"கொடுத்துவிடலாம். அதற்கு முன் ஒற்றைப் பிரதி உறுதிமொழி எடுக்க வேண்டும்," என்றார் தலைவர்.

"அப்படின்னா?"

"பெட்டியில் இருப்பது வேறு எங்கும் இருக்கக் கூடாது. பழைய வன்தட்டை இந்த அவை முன்னிலையில் துடைத்துவிட வேண்டும். இன்னொரு பிரதியைப் பரண்மேல் ஒளித்துவைத்துக்கொண்டு எங்களை உருவச் சொன்னால், அது சோதனையா, கேலிக்கூத்தா? போனாலும் போகட்டும் என்றல்லவா நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்? பிறகு எங்களுக்கு என்ன மரியாதை?"

ரொட்டிக்காரர் அன்று மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, பைத்தியமா உங்களுக்கு? அவங்க யாரு நம்ம வீட்டுதை அழிக்கச் சொல்றதுக்கு? பேசாம பெட்டியை வச்சுக்கிட்டு அவங்களை விட்டுடுங்க. அடுத்த மாசம் நான் வந்து பாத்துக்கறேன்."

"இல்லம்மா, எல்லாம் படிச்சவங்க. பழசு எப்படியும் சாகப் போறதுதான. புதுசு ரெண்டு போனாலும் தாங்கும்கறாங்க. தாங்குதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா எனக்கு நிம்மதி."

"எனக்கு ஒரு காப்பி எடுத்து வச்சீங்களா?"

"சோதனை முடியட்டும்மா. முடிஞ்ச கையோட எடுத்துடறேன். நடுவுல எடுத்தா உறுதிமொழி பொய்யாயிடும்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதரை மோசம் செய்வது எவ்வளவு சுலபம் பாருங்கள். அவரே தம் செலவில் பஸ் ஏறி வந்து நின்றுவிடுவார்.

பழைய டிஸ்கைத் துடைப்பதற்கு அவையில் நல்ல கூட்டம். மூன்று அணியும் வந்திருந்தது. தலைவர் தம் பழைய தொழிலை மறக்காதவர். எது நடந்தாலும் ஏலம் முடிக்கிற மாதிரிதான் முடிப்பார். "அழிக்கிறோம், ஒரு தரம்! அழிக்கிறோம், ரெண்டு தரம்! அழிக்கிறோம், மூணு தரம்!" மேசையில் ஒரு தட்டு. டிஸ்க் கடைசியாக ஒரு தடவை செருமியது, பிறகு ஓய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ரொட்டிக்காரரும் தட்டினார்.

சோதனை நாளன்று கடைக்கு மேலே இருந்த அவருடைய சின்ன வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. சூடான பன் வாசனை கீழேயிருந்து வந்தது. வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு தின்றார்கள். டிவியில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது நிற்காமல் ஓடுவதுதான் அத்தாட்சி. ரொட்டிக்காரர் தமக்குப் பிடித்ததைப் போட்டிருந்தார். கடை திறந்த முதல் வருஷம். அவர் மாவு பிசைகிறார், அவள் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். பதிலுக்கு அவர் ஒரு கையைத் தூக்கி, போதும் போ என்கிறார். அவள் சிரிக்கிறாள்.

முதலில் தலைவர். அவர் ஒரு சிறிய உரை ஆற்றினார். அது சிறியது என்று அவரே சொன்னதால் நாம் நம்புவோம். பிறகு இரண்டாவது இழுப்பறையைப் பிடித்து உருவினார். பச்சை விளக்கு ஒன்று சிவப்பானது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "உப்பு போட்டீங்களா? போன தடவை மாதிரி மறந்துடாதீங்க." கைதட்டலில் அடுத்த வார்த்தை காதில் விழவில்லை.

அடுத்தது செயலாளர். டிஸ்கைப் பிடித்து, லேசாக ஆட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு உருவினார். இன்னொரு சிவப்பு. அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. ரொட்டிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு போயும் தாங்குகிறாள். ஓடிப்போய்த் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

முன்னாள் தலைவர். பேரவையை நிறுவியவர். உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார் என்று சொல்லி யாரும் அவரை அழைக்கவில்லை. அழைக்காததனாலேயே எழுந்து வந்துவிட்டார். அறை பரபரத்தது. பன் தின்றுகொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இருந்த ஒரே சாய்வு நாற்காலியிலிருந்து தலைவர் எழுந்தார்.

"நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்," என்றார் முன்னாள் தலைவர். "எனக்கு எதுக்கு மரியாதை? பேரவையை உண்டாக்கினவன், அவ்வளவுதான?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் செயலாளரைப் பார்த்தார். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். பச்சை விளக்கு இன்னும் மூன்று இருந்தது.

"ஐயாவும் ஒன்றை உருவ வேண்டும் என்று அவை விரும்புகிறது," என்றார் தலைவர்.

ரொட்டிக்காரர் பதறிப்போனார். "ஐயா, ரெண்டுதாங்க தாங்கும். மூணாவது தாங்காதுன்னு நீங்கதான சொன்னீங்க. எடுத்ததுல ஒண்ணைத் திருப்பி மாட்டிட்டு அப்புறமா..."

"தலைவர் உருவியதை உடனே திருப்பி மாட்டுவதா?" செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "அவர் உருவியது செல்லாது என்று ஆகிவிடாதா? என்னுடையதை மாட்டலாமே என்பீர்கள். மாட்டமாட்டேன்."

"அவர் மூத்தவர்," என்றார் தலைவர் கனிவாக. "இத்தனை பேர் முன்னால் அவர் மனம் நோகலாமா? உங்கள் வீட்டில் வந்து நிற்கிறார். கொஞ்சம் பெருந்தன்மையாக இருங்கள்."

வீட்டுக்கு வந்தவரை அவமதித்ததாக ஆகிவிடுமே என்று ரொட்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். முன்னாள் தலைவரின் நடுங்குகிற கையை இரண்டு பேர் பிடித்து, நாலாவது இழுப்பறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகரா..."

அவ்வளவுதான். திரையில் இளவயது ரொட்டிக்காரர் மாவுக் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். சத்தமில்லை. கைதட்டல் மட்டும் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. படம் நின்றது கடைசி வரிசைக்குத் தெரிந்திருக்காது.

செயலாளர் மூன்று டிஸ்கையும் அவசரமாகத் திரும்பச் சொருகினார். எது எந்த இழுப்பறை என்று அவருக்கு நினைவில்லை. படம் மறைந்து, திரையில் ஒரு கேள்வி வந்தது. 'அமைப்பு தெரியவில்லை. புதிதாகத் தொடங்கவா? ஆம். இல்லை.'

கேள்வி என்று வந்துவிட்டால் பேரவை தடுமாறாது. வாக்கெடுப்புதான்.

"ஆம் என்போர் கை தூக்கலாம்," என்றார் தலைவர்.

மூன்று அணியும் கை தூக்கியது. பேரவையின் சரித்திரத்தில் மூன்று அணியும் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான். இல்லை என்பது அபசகுனமான வார்த்தை என்று எல்லோருக்கும் பட்டிருக்கும். ரொட்டிக்காரர் சுற்றிலும் பார்த்தார். படித்தவர்கள் எல்லோரும் கை தூக்கியிருந்தார்கள். ஆம் என்றால் திரும்ப வந்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. அவரும் கை தூக்கினார்.

"ஆம், ஒரு தரம். ஆம், ரெண்டு தரம். ஆம், மூணு தரம்!" தலைவர் பொத்தானை அழுத்தினார்.

ஐந்து விளக்கும் பச்சையாயின. பெட்டி கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் மறுநாள் வந்து வெகுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "மூணை உருவினது கூடப் பரவாயில்லைங்க. எப்படியாவது கோத்துத் திரும்ப எடுத்திருக்கலாம். அந்த 'ஆம்' போட்டது யாருங்க?"

ரொட்டிக்காரர் தம் வலது கையைப் பார்த்தார்.

மகளிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. போன் போட்டு, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, டாக்டர் என்ன சொன்னார் என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவளாகவே கேட்டாள்.

"அப்பா, அம்மா வீடியோ..."

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லைன்னா? நல்லா இருக்கா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

அவள் கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கத்தவில்லை. அழுகிற சத்தம் கூட வரவில்லை. "சரிப்பா, வைக்கறேன், டியூட்டி இருக்கு" என்றாள். அன்று அவளுக்கு விடுமுறை என்பது அவருக்குத் தெரியும்.

பேரவை அனுதாபக் கூட்டம் போட்டது. அதில் தலைவர் ஆற்றிய உரையை அப்படியே கொடுத்துவிடுகிறேன், என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

"அன்பர்களே, நமது ஏற்பாடு இரண்டு போனால் தாங்குவேன் என்றது. தாங்கியது. மூன்றாவது போனால் தாங்கமாட்டேன் என்றது. தாங்கவில்லை. சொன்ன சொல்லை இவ்வளவு நாணயமாகக் காப்பாற்றிய ஏற்பாடு உண்டா? ஆகவே சோதனை முழு வெற்றி. அன்பர் ரொட்டிக்காரருக்குச் சான்று வழங்கப்படுகிறது. அவருடைய சொந்தச் சரக்கு போனது ஒரு தற்செயல். அதற்கும் ஏற்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு வேண்டியதெல்லாம் வேறு வீடியோ எடுத்துப் போட்டுக்கொள்வதுதான்."

செயலாளர் நன்றியுரையில், சோதனைக்கு ஒத்துழைத்த மறைந்த அம்மையாருக்கும் ஒரு வரி சேர்த்தார்.

சான்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ரொட்டிக்காரர் படியிறங்கினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். கீழே யாரோ 'ஆ' என்றார்கள். பின்னால் தலைவர் இறங்கி வந்து, ஆச்சரியம், பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் இல்லாதபோது அவர் குரல் சின்னதாக இருந்தது.

"என் வீட்டுப் பெட்டியில ஆறு தட்டு. அதுல எந்த நாலு போனாலும் தாங்கும். வருஷக்கணக்கா ஓடிக்கிட்டே இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு நினைக்கறீங்க?"

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல." தலைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "என் தம்பி வெளியில வேலைக்குப் போனப்ப கடிதம் எழுத மாட்டான். பேசிப் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவான். ஊர் வம்பெல்லாம் இருக்கும். சிரிச்சு மாளாது. அவனும் போயிட்டான். அப்ப ஐயாதான் தலைவர். எங்க வீட்டுக்கு வந்து ஐயா உருவினாரு. அன்னைக்கு இருந்த செயலாளர் உருவினாரு. அப்ப என்கிட்ட இருந்த பெட்டி ஒண்ணு போனாத்தான் தாங்கும்."

"அப்புறம் எதுக்குங்க இன்னும் இதைச் செய்யறீங்க?"

"வேற என்ன செய்யறது? மேல இருக்காங்களே, அத்தனை பேர் வீட்டுலயும் காலிப் பெட்டிதான். நல்லா ஓடுது. அடுத்தவங்க வீட்ல போய் உருவறப்ப, நமக்கு மட்டும் ஆகலையேன்னு கொஞ்சம் ஆறுதலா இருக்கும். உங்களையும் சோதனைக் குழுவுல போட்டிருக்கு. அடுத்தது சாவிக்கடை அம்மா. நீங்க மூணாவது ஆளா உருவறீங்க. பழகிடும்."

ரொட்டிக்காரருக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஏலம் போகாத பழைய சாமான் மாதிரி படியில் கிடக்கிற அந்த மனிதரைப் பார்க்க அழுகைதான் வந்தது. "சரிங்க, உருவறேன்," என்றார்.

சாவிக்கடை அம்மா ஊரில் எல்லோருக்கும் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுப்பவர். ஒரு சாவியை மட்டும் நம்பாதீங்க என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிற வாய், பேரவையில் ஒற்றைப் பிரதி உறுதிமொழியையும் சொல்லியிருந்தது. அவருக்கு ஒரே மகன், பாட்டுக்காரன். விபத்தில் போனவன். அவன் பாடிப் பதிந்த பாட்டுகள் பெட்டியில் இருந்தன. ஒன்றையும் முழுசாகப் பாடியிருக்கமாட்டான், பாதியில் சிரித்துவிடுவான்.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம் ரொட்டிக்காரர் ஒரு பை நிறைய பன் எடுத்துக்கொண்டு சாவிக்கடைக்குப் போனார். பன்னுக்கு அடியில், துணியில் சுற்றி, ஒரு புது ஹார்ட் டிஸ்க்.

"அண்ணே, இது உறுதிமொழிக்கு விரோதமாச்சே. தலைவருக்குத் தெரிஞ்சா?"

"தலைவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்மா. நாளைக்கு நானும்தான் உருவப் போறேன். இந்தக் கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். பெட்டி எங்க இருக்கு?"

பெட்டி கடைக்குப் பின்னால், சாவி வெட்டுகிற எந்திரத்துக்குக் கீழே இருந்தது. ரொட்டிக்காரர் தரையில் மண்டியிட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி, வயரைச் சொருகும் ஓட்டையைத் தேடினார். அந்த அம்மா, என்னதான் செய்கிறார் என்று பார்க்க வாசலை மறைத்துக்கொண்டு குனிந்தார். ரொட்டிக்காரருக்குக் கண் தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகராசா, இருட்டா விழுது."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வார்த்தை மட்டும் இல்லை. மகராசாவில் அந்த ரா-வைக் கொஞ்சம் இழுத்து, முடிவில் ஒரு செல்லக் கோபத்தோடு வெட்டுகிற அவளுடைய தினுசு, அப்படியே.

"என்னண்ணே, என்னைப் போய் மகராசாங்கறீங்க?" அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ரொட்டிக்காரர் எந்திரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பெட்டியிலிருந்து அந்தப் பையனின் பாட்டுகள் ஒவ்வொன்றாகப் புது டிஸ்கில் ஏறிக்கொண்டிருந்தன.

எல்லாம் ஏறி முடிந்ததும் டிஸ்கை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, கடையில் வைக்காதீங்க, தங்கச்சி வீட்டில் வைங்க என்று சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, டியூட்டியா?"

"இல்லப்பா. சொல்லுங்க."

"உங்கம்மா ஒண்ணு சொல்வாளே. படம் எடுக்கறப்ப." அவர் சொல்லிக் காட்டினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகராசா, மூஞ்சி இருட்டா விழுது."

வைத்துவிட்டாளோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்தார்.

"அப்பா." குரல் உடைந்திருந்தது. "அப்படியே இருக்குப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க. இருங்க, இருங்க, பதிவு பண்ணிக்கறேன். ம், இப்ப சொல்லுங்க."

பஸ் ஒன்று போகட்டும் என்று ரொட்டிக்காரர் காத்திருந்தார். பிறகு ஒரு தரம் சொன்னார். இன்னும் கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்கப்பா, அம்மா இழுப்பாங்களே என்றாள். இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் மகராசா வரைக்கும்தான் வந்தது.